நம்பரும் போட்டோவும் வெளியே போகாம இருக்க: வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டா (குமரி மாவட்ட இழை)

நாஞ்சில்_வயல்:
கோட்டாறு சவேரியார் திருவிழா, பின்னாலேயே கிறிஸ்மஸ், தை பிறந்தா கல்யாணம். நம்ம மாவட்டத்தில் போட்டோவும் பத்திரிகையும் அதிகமா சுத்துற காலம் இது. அதனால இந்த இழை. ஒரே ஒரு வேண்டுகோள்: எனக்கு இப்படி ஆச்சு, மாமாவுக்கு அப்படி ஆச்சுன்னு கதை வேண்டாம். எந்த மெனு, எந்த பட்டன், அதை ஏன் அமுக்கணும், அமுக்கினாலும் எது தப்பிப் போகும், இதை மட்டும் எழுதுங்க.

நான் ஃபேஸ்புக்கில் ஆரம்பிக்கிறேன். 'புரொஃபைல் லாக்' போட்டுட்டா எல்லாம் பத்திரம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. நண்பர் இல்லாதவங்களுக்கு உங்க போஸ்ட்டும் ஆல்பமும் தெரியாது, புரொஃபைல் படத்தைப் பெருசாக்கிப் பார்க்க முடியாது. அதோட அதன் வேலை முடிஞ்சது. பொது குரூப்பிலயும் செய்திப் பக்கங்களிலயும் நீங்க போட்ட கமெண்ட் அப்படியே கிடக்கும். 1,800 நண்பர்கள் வைச்சிருந்தா 1,800 பேருக்குக் கதவு திறந்துதான் இருக்கு.

லாக்கை விட முக்கியமானது நண்பர் பட்டியல். செட்டிங்ஸில் 'ஹவ் பீப்பிள் ஃபைண்ட் அண்ட் காண்டாக்ட் யூ' என்கிற பகுதிக்குப் போங்க. நண்பர் பட்டியலை யார் பார்க்கலாம் என்பதை 'ஒன்லி மீ' ஆக்குங்க. அதே பக்கத்தில் போன் நம்பரை வைச்சு உங்களை யார் தேடலாம், இமெயிலை வைச்சு யார் தேடலாம்னு இரண்டு இருக்கும். அதுவும் 'ஒன்லி மீ'. உங்க பேரிலயே போலிக் கணக்கு தொடங்குறவனுக்கு படம் கிடைக்கிறது பெரிய விஷயமில்லை. யார்கிட்ட 'அவசரமா பத்தாயிரம் அனுப்பு'ன்னு கேட்கணும் என்கிற பட்டியல்தான் அவனுக்கு வேணும். அது கிடைக்கலேன்னா போலிக் கணக்கு பாதி செத்த கணக்கு.

அக்கானி:
அண்ணே, நம்பரை வைச்சுத் தேடுறதை இப்ப மறைச்சு என்ன பிரயோஜனம்? நம்ம நம்பர் எப்பவோ போயிருக்குமே.

நாஞ்சில்_வயல்:
போனது போனதுதான். 2021 ஏப்ரலில் வெளியே வந்த ஃபேஸ்புக் தரவில் 53.3 கோடி கணக்குகளின் போன் நம்பர் இருந்தது, அதில் இந்தியக் கணக்குகள் சுமார் 60 லட்சம். யாரும் பாஸ்வேர்டை உடைச்சு எடுத்ததில்லை. போன்புக்கை ஏத்தி நண்பர்களைத் தேடும் வசதியில் வரிசையா நம்பர்களைப் போட்டு, எந்த நம்பர் யாருடையதுன்னு 2019 வரைக்கும் சேகரிச்சிருக்கானுவ. 'ஒன்லி மீ' போட்டா அந்த வகைத் தேடல் இனிமேல் நடக்காது. ஏற்கெனவே போன நம்பரை எப்படிக் கையாளணும் என்கிறது தனி விஷயம், அதைத் தெரிஞ்சவங்க எழுதுங்க.

குளச்சல்_வாடைக்காற்று:
நம்பர் விஷயத்தில் நம்ம மாவட்டத்துக்குன்னே ஒரு ஓட்டை இருக்கு: கல்ஃபில் இருக்கிறவங்களின் ஊர் நம்பர். கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

லீவுக்கு வரும்போது ரீசார்ஜ் பண்ணுவாங்க, திரும்பிப் போனதும் விட்டுடுவாங்க. 90 நாள் கால், மெசேஜ், டேட்டா எதுவும் இல்லைன்னா கம்பெனி சிம்மை முடக்கலாம். முடக்கின நம்பரை இன்னொரு 90 நாளாவது சும்மா வைச்சிருந்துட்டு வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. ஆனா துபாயில் இருக்கிறவர் போனில் அந்த நம்பரின் வாட்ஸ்அப் வைஃபையில் ஓடிக்கிட்டேதான் இருக்கும். சிம் செத்ததே அவருக்குத் தெரியாது.

புது ஆள் சிம்மை வாங்கி வாட்ஸ்அப் போட்டா 6 இலக்கக் குறியீடு அவருக்குத்தான் வரும். அதைப் போட்ட உடனே துபாய் போனில் வாட்ஸ்அப் லாக்அவுட். பழைய சாட் அவருக்குப் போகாது, அது போனிலயும் பேக்கப்பிலயும்தான் இருக்கு. ஆனா அந்த நம்பர் எந்தெந்த குரூப்பில் இருந்ததோ அங்கே அப்படியே உறுப்பினர். குடும்ப குரூப், பங்கு (சர்ச்) குரூப், சம்பளம் பேசுற குரூப், இனி வரும் மெசேஜ் எல்லாம் முன்பின் தெரியாத ஆளுக்குப் போகும். அவர் திருடனா இருக்கணும்னு அவசியமே இல்ல. நியாயமா காசு கொடுத்து சிம் வாங்கினவராத்தான் பெரும்பாலும் இருப்பார்.

செய்ய வேண்டியது:

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்'. 6 இலக்க பின் (ரகசிய எண்) போடுங்க, கீழே மீட்பு இமெயிலும் கண்டிப்பா கொடுங்க. பின் இருந்தா புது ஆள் உடனே நுழைய முடியாது. ஆனா பின் தெரியாதவங்க 7 நாள் காத்திருந்தா ரீசெட் பண்ணலாம். அதாவது பின் உங்களுக்கு ஒரு வாரம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

நிரந்தர வழி, அதே அக்கவுண்ட் பகுதியில் 'சேஞ்ச் நம்பர்'. புது நம்பரில் எஸ்எம்எஸ் அல்லது கால் வரணும். பழைய சிம் உயிரோட இருக்கணும்னு இல்ல, பழைய கணக்கு போனில் திறந்திருந்தா போதும். குரூப், சாட் எல்லாம் கூடவே வரும். ஆப்பை அழிச்சிட்டு புது நம்பரில் புதுசா போடுறது தப்பு. பழைய நம்பரின் கணக்கு அப்படியே மிஞ்சிக் கிடக்கும்.

ஊர் நம்பர் பேங்குக்கு வேணும், விட முடியாதுன்னா அதை உயிரோட வைங்க. ப்ரீபெய்டில் 20 ரூபாய் மெயின் பேலன்ஸ் இருந்தா, பயன்படுத்தாட்டியும் அதை எடுத்துக்கிட்டு 30 நாள் நீட்டிக்கணும் என்பது ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி. மெயின் பேலன்ஸ்னு சொல்றதைக் கவனிங்க. 28 நாள் பேக் போட்டா மெயின் பேலன்ஸில் ஒரு பைசா ஏறாது. டாப்அப் தனியாப் போடணும்.

கடைசியா, ஜிமெயில், ஃபேஸ்புக், இன்ஸ்டா மூணிலயும் மீட்பு நம்பரா அந்தப் பழைய நம்பர் உட்கார்ந்திருக்கும். 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' அமுக்கினா ஓடிபி புது ஆளுக்குப் போகும். முதலில் அதை எடுங்க.

தொட்டிப்பாலம்:
மேலே உள்ளதோட இதையும் சேர்த்துக்கோங்க. எஸ்எம்எஸ் ஓடிபிக்குப் பதிலா, போனிலேயே லாகின் குறியீடு உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைச்சா சிம் இல்லாத நாட்டிலயும் லாகின் நடக்கும். அது போடும்போது பேக்கப் கோடு தரும். கூகுள் 10 தரும், ஒவ்வொண்ணும் 8 இலக்கம், ஒரு தடவைதான் செல்லும். காகிதத்தில் எழுதி ஊரில் பீரோவுக்குள் ஒண்ணு, கையில் ஒண்ணு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கேலரியில் போட்டா அது தானா கூகுள் போட்டோஸில் ஏறலாம். அந்தக் கூகுள் கணக்கைத் திறக்கத்தானே கோடே. பூட்டுக்குள்ள சாவியை வைச்ச கதை.

அக்கானி:
சிம் பற்றிப் பேசுறதால கேட்கிறேன். நம்ம பேரில் எத்தனை சிம் ஓடுதுன்னு பார்க்க வழி உண்டா?

குளச்சல்_வாடைக்காற்று:
உண்டு மக்கா. மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளம் அல்லது ஆப். உங்க நம்பரைப் போட்டு ஓடிபி கொடுத்தா, உங்க பேரில் உள்ள எல்லா இணைப்பும் வரும், நடுவில் இலக்கங்களை மறைச்சிருக்கும். தெரியாத நம்பர் இருந்தா 'இது என் நம்பர் அல்ல' என்பதைத் தேர்ந்தெடுத்துப் புகார். ஒரு ஆளுக்கு 9 சிம் வரைதான் அனுமதி. கவனம், வீட்டில் அம்மாவுக்கு உங்க ஆதாரில் எடுத்துக் கொடுத்த சிம்மும் அந்தப் பட்டியலில்தான் வரும். அவசரத்தில் அதையே துண்டிச்சிடாதீங்க.

வருக்கச்சக்கை:
போட்டோ பற்றி யாரும் எழுதல. நான் எழுதுறேன்.

லொக்கேஷன் பயம் எல்லாருக்கும் இருக்கு, ஆனா தப்பான இடத்தில். கேமரா எடுக்கும் படத்துக்குள் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை பதிவாகும், உண்மைதான். வாட்ஸ்அப்பில் சாதாரணமா 'போட்டோ'வா அனுப்பினா அது சுருங்கும்போதே அந்த விவரம் உதிர்ந்துடும். 'டாக்குமெண்ட்'டா அனுப்பினா அப்படியே போகும். தெளிவு குறையக் கூடாதுன்னு ஸ்டுடியோக்காரங்க டாக்குமெண்ட்டாத்தான் கேட்பாங்க. பழைய சாமான் விற்பனைக்கு வீட்டில் வைச்சு எடுத்த படத்தை டாக்குமெண்ட்டா அனுப்பினா, வீடு எங்கேன்னும் சேர்த்து அனுப்புறீங்க. கேமரா செட்டிங்ஸில் 'லொக்கேஷன் டேக்' ஆஃப் பண்ணிடுங்க. ஏற்கெனவே எடுத்த படத்தில் இருக்கான்னு பார்க்க, கூகுள் போட்டோஸில் படத்தைத் திறந்து மேலே தள்ளுங்க, மேப் வந்தா இருக்கு.

ஆனா படத்துக்குள் கண்ணுக்குத் தெரியுறதுதான் பெரிய ஓட்டை. ஒரு படத்தை எடுத்துக்குவோம்: புது ஸ்கூட்டர், சந்தனம் வைச்சு மாலை போட்டு வீட்டு முன்னாடி. நம்பர் பிளேட்டில் டிஎன் 75, அப்படின்னா மார்த்தாண்டம் பக்கம். பின்னால கேட்டில் வீட்டுப் பேர் கல்லில் வெட்டியிருக்கு. திண்ணையில் நிற்கும் பிள்ளையின் கழுத்தில் பள்ளிக்கூட அடையாள அட்டை, அதில் பேரும் வகுப்பும். கேப்ஷனில் 'நன்றி ஆண்டவரே, குவைத்திலிருந்து அப்பாவின் பரிசு'. முகவரி, பிள்ளை, ஆண் துணை இல்லாத வீடு, மூணும் ஒரே படத்தில். எந்த செட்டிங்ஸும் இதைக் காப்பாத்தாது. போடுறதுக்கு முன்னால நாலு மூலையையும் பெருசாக்கிப் பாருங்க. அடையாள அட்டை, பிளேட், கேட், மின்மீட்டர் பெட்டியில் எழுதின இணைப்பு எண், மேசையில் கிடக்கும் மருந்துச் சீட்டு.

மறைக்கும்போது ஒரு தப்பு அடிக்கடி நடக்கும். எடிட்டில் உள்ள ஹைலைட்டர் பேனா கண்ணாடி மாதிரி. நாலு தடவை தேய்ச்சா கறுப்பாத் தெரியும், ஆனா வெளிச்சத்தைக் கூட்டினா கீழே உள்ள எழுத்து வந்துடும். முழுக் கறுப்புக் கட்டம் வைங்க, இல்லைன்னா அந்தப் பகுதியையே வெட்டுங்க. ஆதாருக்கு இந்த வேலையே வேண்டாம், ஆதார் வழங்கும் யூஐடிஏஐ தளத்தில் 'மாஸ்க்டு ஆதார்' இறக்கினா கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியும்.

நெத்திலிக்_கருவாடு:
இதெல்லாம் ரொம்ப ஓவர். கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்துல நின்னு ஒரு செல்ஃபி போடக்கூட பயப்படணுமா?

வருக்கச்சக்கை:
பாலத்தில் 77 மீட்டரும் நடந்து நூறு செல்ஃபி எடுங்க அண்ணே, யாரு வேண்டாங்கா? நின்ன இடத்திலிருந்தே போடாம வீட்டுக்கு வந்து போடுங்க. 'இப்ப குடும்பத்தோட இங்கே' என்பது வீட்டில் ஆள் இல்லைன்னு சொல்றது. ஸ்னாப்சாட் வைச்சிருக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும் கூடுதலா ஒண்ணு: ஸ்னாப் மேப்பில் 'கோஸ்ட் மோட்' ஆன். இல்லைன்னா ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் நண்பர்களுக்கு இடம் தெரியும்.

தோவாளைப்_பிச்சி:
பங்குப் பக்கத்தில் முதல் நற்கருணை எடுத்த பிள்ளைங்க படம், பேரு, அன்பியம் (பங்குக்குள் இருக்கிற சின்னக் குடும்பக் குழு) பேரு எல்லாம் சேர்த்துப் போடுறாங்க. பள்ளிக்கூடப் பக்கத்திலயும் இப்படித்தான். எடுக்கச் சொன்னா 'எல்லாரும் சந்தோஷமாத்தானே இருக்காங்க'ன்னு கேட்கிறாங்க. என்ன சொல்லிக் கேட்கிறது?

தொட்டிப்பாலம்:
அக்கா, படத்தை எடுங்கன்னு கேட்டா சண்டைதான் வரும். பேரை எடுங்கன்னு கேளுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. கூட்டமா எடுத்த படம் பேரில்லாம இருந்தா பெரிய ஆபத்தில்லை. தனி முகம், முழுப்பேர், ஊர் மூணும் ஒண்ணா இருக்கிறதுதான் தப்பு. பக்கத்தை நடத்துறவர்கிட்ட 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயசுக்குக் கீழே எல்லாருமே குழந்தைதான்னு பக்குவமா எடுத்துச் சொல்லலாம். கேட்கவே இல்லைன்னா ஃபேஸ்புக், இன்ஸ்டா நடத்துற மெட்டாவில் படத்தின் தனியுரிமைப் புகார்ப் படிவம் இருக்கு. 13 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோரே கொடுக்கலாம். 13 முதல் 17 வரை பிள்ளை தன் பேரில் கொடுக்கணும், நீங்க பக்கத்தில் இருந்து உதவலாம்.

அடுத்தது, பங்கு, குடியிருப்போர் சங்கம், மகளிர் குழு எல்லாம் அறிவிப்புக்காக வாட்ஸ்அப் குரூப் வைச்சிருக்காங்க. குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். அத்தனை பேருக்கும் அத்தனை பேர் நம்பரும் தெரியும். ஒரு ஆள் உள்ளே வந்தா போதும், பட்டியல் முழுசும் அவன் கையில். அறிவிப்புக்கு மட்டும்னா 'சேனல்' தொடங்குங்க. தொடருறவங்க நம்பர் மத்தவங்களுக்குத் தெரியாது. பதில் எழுதவும் முடியாது என்பதால் காலை வணக்கம் பூப்படமும் வராது, அது தனி லாபம்.

உறுப்பினர் பக்கத்தில் செய்ய வேண்டியது: பிரைவசியில் 'குரூப்ஸ்'. 'எவ்ரிஒன்' இருந்தா 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்க. அதே பக்கத்தில் புரொஃபைல் போட்டோ, அபவுட், லாஸ்ட் சீன் மூணும் 'மை காண்டாக்ட்ஸ்'.

அக்கானி:
கல்யாணப் பத்திரிகைன்னு சொல்லி ஒரு ஃபைல் வருதே, அதையும் எழுதுங்க. சீசன் தொடங்கியாச்சு.

குளச்சல்_வாடைக்காற்று:
பத்திரிகை படமாவோ பிடிஎஃப் ஆவோதான் வரும். பேரின் கடைசியில் 'ஏபிகே'ன்னு முடிஞ்சா அது ஆண்ட்ராய்டு ஆப். தெரிஞ்ச நம்பரிலிருந்தே வரும், ஏன்னா அவங்க போன் ஏற்கெனவே மாட்டியிருக்கும். இன்ஸ்டால் பண்ணினா முதலில் கேட்கிறது எஸ்எம்எஸ் அனுமதி. கொடுத்தா ஓடிபி எல்லாம் அவனுக்கு. பிறகு உங்க நம்பரிலிருந்து உங்க ஆளுங்களுக்கு அதே பத்திரிகை.

முன்கூட்டியே அடைக்க, போன் செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்'னு தேடுங்க. பட்டியலில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல் மேனேஜர் மூணையும் ஆஃப். அம்மா அப்பா போனில் இதை நீங்களே செஞ்சு கொடுங்க, சொல்லிக் கொடுத்து நேரத்தைக் கழிக்காதீங்க.

ஏற்கெனவே அமுக்கிட்டா: உடனே ஏரோபிளேன் மோட், வைஃபையும் ஆஃப். வேற போனிலிருந்து பேங்குக்குக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்க. பிறகுதான் ஆப்பை அழிக்கிற வேலை. அழியலைன்னா 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' பட்டியலில் அதன் டிக்கை எடுத்துட்டு அழிங்க. நிம்மதி வேணும்னா ஃபேக்டரி ரீசெட். ஆப்பை முதலில் அழிச்சிட்டு பேங்குக்கு நாளைக்குச் சொல்லலாம்னு இருக்கிறதுதான் பெரும்பாலும் காசு போகும் வழி.

உண்மையான பத்திரிகை அனுப்புறவங்களுக்கும் ஒண்ணு. இரண்டு வீட்டு முகவரி, போன் நம்பர், கல்யாண நேரம் எல்லாம் அதில் இருக்கு. உறவுக்காரங்களுக்குத் தனித்தனியா அனுப்புங்க, பொதுவில் போடணும்னா தேதியும் மண்டபமும் மட்டும் உள்ள சின்னப் படம் ஒண்ணு தனியா செய்யச் சொல்லுங்க. 

தொட்டிப்பாலம்:
கால் ஃபார்வேர்டிங் விட்டுப்போச்சு. கூரியர்க்காரன்னு பேசி *401* அல்லது **21* போட்டு ஒரு நம்பரை அடிக்கச் சொல்வான். அடிச்சா உங்க கால் எல்லாம் அவனுக்கு. பிறகு உங்க நம்பரில் வாட்ஸ்அப் பதிவு பண்ணி, குறியீட்டைக் கால் வழியா அனுப்பும்படி வாட்ஸ்அப்பில் கேட்பான், அந்தக் காலும் அவனுக்கே போகும். 2024 ஏப்ரல் 15 முதல் இந்தக் குறியீட்டு வழி ஃபார்வேர்டிங்கை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டிருக்கு. இருந்தாலும் *#21# அடிச்சு நிலையைப் பாருங்க. எல்லாத்தையும் ரத்து பண்ண ##002#.

நெத்திலிக்_கருவாடு:
செரி, ஓவர்னு சொன்னதை வாபஸ் வாங்குறேன். இன்ஸ்டாவில் பிரைவேட் போட்டா போதுமா?

வருக்கச்சக்கை:
பிரைவேட் ஆக்கினா புதுசா வர்றவங்களுக்குத்தான் தடை. ஏற்கெனவே இருக்கிற ஃபாலோயர்ஸ் அப்படியே பார்ப்பாங்க. பட்டியலைத் திறந்து தெரியாதவங்களை 'ரிமூவ்' பண்ணுங்க, அவங்களுக்கு அறிவிப்பு போகாது. பயோவும் புரொஃபைல் படமும் பிரைவேட்டிலும் எல்லாருக்கும் தெரியும். பயோவில் காலேஜ், வருஷம், பிறந்தநாள் வேண்டாம். டேக் பண்ணும் படங்களுக்கு 'மேனுவலி அப்ரூவ் டேக்ஸ்' ஆன். 

தோவாளைப்_பிச்சி:
இவ்வளவும் செஞ்ச பிறகும் ஒருத்தன் படத்தை மாற்றி வைச்சு மிரட்டினா? அந்த நேரத்தில் கை ஓடாது, வரிசையாச் சொல்லுங்க.

நாஞ்சில்_வயல்:
நல்ல கேள்வி அக்கா. 2020-ல் நாகர்கோவிலில் வெளிவந்த, பெண்களோட பழகி அந்தரங்கப் படத்தை வைச்சு மிரட்டின அந்த வழக்கை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால வரிசை.

முதல்ல, சாட்டை அழிக்காதீங்க, பிளாக்கும் உடனே வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, நேரம், தேதி, பயனர் பேர் எல்லாம் தெரியணும், ஓரத்தை வெட்டக் கூடாது. பேரை அவன் நிமிஷத்தில் மாற்றுவான், அதனால புரொஃபைல் லிங்க்கையும் காப்பி பண்ணி உங்க இமெயிலுக்கே அனுப்பி வைங்க. பிளாக் பண்றது அதுக்குப் பிறகு.

காசு கொடுக்காதீங்க. கொடுத்தா கொடுக்கக் கூடிய ஆள்னு தெரிஞ்சுபோகும், அடுத்த மணி நேரத்தில் இன்னொரு தொகை கேட்பான். கொடுத்தாச்சுன்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு.

அந்தரங்கப் படம்னா 'ஸ்டாப் என்சிஐஐ' தளம், 18 வயசு ஆனவங்களுக்கு. படம் உங்க போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஒரு டிஜிட்டல் கைரேகை மட்டும் உருவாகி ஃபேஸ்புக், இன்ஸ்டா போன்ற தளங்களுக்குப் போகும், அதே படத்தை ஏத்தினா தடுக்கும். படத்தை வெட்டி மாற்றினா கைரேகையும் மாறலாம், அதனால கையில் உள்ள எல்லா வடிவத்தையும் சேருங்க. 18-க்குக் கீழேன்னா அதே மாதிரி 'டேக் இட் டவுன்'.

புகார்: தேசிய சைபர் கிரைம் போர்டல். பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டதுக்குத் தனிப் பகுதி, பேர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆனா பேர் இல்லாத புகாரின் நிலையைப் பின்தொடர முடியாது. நேரில்னா நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். மனுவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவை எழுதுங்க, அனுமதியில்லாம ஒருத்தரின் அந்தரங்க உறுப்புகளைப் படம் பிடிச்சாலோ பரப்பினாலோ 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும். போலிக் கணக்குன்னா 66சி, 66டி. பிள்ளைங்க விஷயம்னா குழந்தைகள் உதவி எண் 1098.

அக்கானி:
கடைசியா ஒண்ணு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யாரெல்லாம் பார்க்காங்க? 'மை காண்டாக்ட்ஸ்'தான் போட்டிருக்கு.

வருக்கச்சக்கை:
இரண்டு பேர் போனிலும் ஒருத்தர் நம்பர் ஒருத்தர்கிட்ட சேமிச்சிருந்தா தெரியும். அதாவது கேஸ் போடுறவர், மீன்கார அக்கா, ஆட்டோக்கார அண்ணன், தேங்கா வெட்ட வர்றவர், போன மாசம் கட்டில் வாங்க விசாரிச்சவர், எல்லாரும். ஸ்டேட்டஸ் பிரைவசியில் 'ஒன்லி ஷேர் வித்' போட்டு நாற்பது பேரைத் தேர்ந்தெடுங்க. 'மை காண்டாக்ட்ஸ் எக்செப்ட்' (சிலரை மட்டும் விலக்குறது) வேண்டாம், நாளைக்குப் புதுசா சேமிக்கிற நம்பர் அதில் தானா உள்ளே வந்துடும். பட்டியலை மாற்றினா இனி போடுற ஸ்டேட்டஸுக்குத்தான் அது செல்லும். ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கிறதை அழிச்சிட்டுத் திரும்பப் போடணும்.